ஆறாத துயரமும் அடுத்த செயலும்

நாவலில் மனிதர்கள் ஏன் ஒன்றைச் செய்கிறார்கள் என்பதைப் பேச வளவனூர் மிகப் பொருத்தமான ஊர். கன்னட நாவலாசிரியர் எஸ்.எல். பைரப்பா மகாபாரதத்தை மனிதர்களின் கதையாக மட்டும் எழுதிய பெருநாவலைப் ‘பருவம்’ என்ற பெயரில் தமிழுக்குத் தந்த பாவண்ணன் இந்த ஊரில் பிறந்தவர். அந்த மொழிபெயர்ப்புக்கு 2005ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. இங்கிருந்து செஞ்சி, திண்டிவனம் வரை எந்தத் திசையில் போனாலும் திரௌபதி அம்மன் கோயில்கள் இருக்கின்றன. அங்கே பாரதம் படிக்கிறார்கள், இரவெல்லாம் கூத்து நடக்கிறது. ஒரே பெண்ணின் துயரத்தைக் கூத்து ஒரு விதமாகவும் அந்த நாவல் வேறு விதமாகவும் சொல்கின்றன. கதைமாந்தர் ஏன் இப்படிச் செய்தார்கள் என்பது ஒரு கேள்வி. கதை முடிந்து பல காலம் ஆன பின்னும் சிலருடைய துயரம் மட்டும் ஏன் நம்மை விட்டு அகலவில்லை என்பது இன்னொரு கேள்வி. திறனாய்வில் இவை தனித்தனியாகவே பேசப்படுகின்றன. இரண்டும் ஒரே கேள்விதான் என்பதே இன்று நான் நிறுவ விரும்பும் கருத்து. ஒரு துயரம் எவ்வளவு உருக்கமாக எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து அது வாசகரிடம் தங்குவதில்லை. அந்தத் துயரம் அந்த மனிதரின் அடுத்த செயலுக்குக் காரணமாக மாறும்போதுதான் தங்குகிறது.

உணர்ச்சிக்குக் காரணம் கேட்பது நமக்குப் பழைய வழக்கம். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் எவற்றிலிருந்து பிறக்கும் என்று நான்கு நான்காக நிலைக்களன்களை வகுக்கிறது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்ற நான்கு. பிறரால் இகழப்படுதல், உரியதை இழத்தல், முன்பிருந்த நிலையிலிருந்து தாழ்தல், இல்லாமை ஆகிய நான்கும் இன்று எழுதப்படும் எந்தக் கதையின் கண்ணீருக்கும் பொருந்துகின்றன. களன் இல்லாத மெய்ப்பாடு இல்லை என்பது அந்த நூலின் நிலை. ஆனால் அது வகுத்த இலக்கணம் களனிலிருந்து உணர்ச்சி வரைக்குமான பாதைக்கு உரியது. சங்கப் பாடல் ஒரு கணத்தில் நிற்பதால் அதற்கு அவ்வளவு போதும்; பிரிந்த தலைவி அந்த மாலையில் என்ன உணர்ந்தாள் என்பதோடு பாட்டு நிறைவு பெற்றுவிடும். நாவலுக்குக் காலம் உண்டு. அந்த மாலைக்குப் பின் மறுநாள் விடியும், அடுத்த ஆண்டு வரும், அவளுக்குப் பிள்ளை பிறக்கும், வீட்டில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும். உணர்ச்சியிலிருந்து செயலுக்குப் போகும் இரண்டாவது பாதையை நாவல்தான் எழுத வேண்டும். அதை எழுதாத நாவலில் துயரம் எத்தனை பக்கம் நீண்டாலும் தன் இடத்தை விட்டு நகர்வதில்லை.

அந்த இரண்டாவது பாதையைத் தமிழ் முதலில் நடந்து பார்த்தது காப்பியத்தில். சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் கோவலன் மாதவியைப் பிரிகிறான். யாழ்ப்பாட்டை முன்னிட்டு ஊழ்வினை வந்து மூண்டது என்று இளங்கோ சொல்லிவிடுகிறார். ஆனால் அத்தோடு அவர் விட்டுவிடவில்லை. கோவலன் பாடிய பாட்டில் வேறொருத்தி இருப்பதாக மாதவி எண்ணினாள், மாதவி பாடிய பாட்டில் வேறொருவன் இருப்பதாகக் கோவலன் எண்ணினான் என்று மனித மனத்தின் காரணத்தையும் அதே இடத்தில் வைத்துவிடுகிறார். பிறகு மாதவியின் தோழி வசந்தமாலை கொண்டுவரும் மடலை அவன் ஏற்க மறுக்கிறான். மதுரைக்குப் போகும் வழியில் கோசிகன் கொண்டுவரும் இரண்டாவது மடலைப் படித்த பிறகுதான் பிழை தன்னுடையது என்று உணர்கிறான். ஊழ் மட்டுமே காரணமாக இருந்திருந்தால் இந்த இரண்டாவது மடல் தேவைப்பட்டிருக்காது. ஒரு மனிதன் தன் செயலின் காரணத்தைத் தாமதமாகக் கண்டுகொள்ளும் இடம் அது. கண்டுகொண்ட பிறகு திரும்பிப் போக அவனுக்கு வழி இல்லை.

மாதவியின் துயரமோ அந்தக் காப்பியத்தையும் தாண்டி அடுத்த காப்பியத்துக்குள் நடந்து போகிறது. மணிமேகலையின் தொடக்கத்தில் புகாரில் இந்திர விழா வருகிறது. ஆடலுக்கு மாதவியும் மகளும் வரவில்லை, ஊர் பேசுகிறது. அழைத்துவர மாதவியின் தாய் சித்திராபதி வசந்தமாலையை அனுப்புகிறாள். மாதவி மறுக்கிறாள். கோவலன் இறந்த செய்தி கேட்டுத் துறவு பூண்டதைச் சொன்னதோடு, மணிமேகலை கண்ணகியின் மகள் என்றும், அவள் அந்தப் பழைய தொழிலுக்கு வரமாட்டாள் என்றும் சொல்லிவிடுகிறாள். தான் பெற்ற மகளைத் தன்னால் துயருற்ற இன்னொரு பெண்ணின் மகளாக அறிவிப்பதைவிடப் பெரிய செயலை அந்தக் கதையில் மாதவி செய்வதில்லை. அவள் எத்தனை இரவு அழுதாள் என்பது நமக்கு முக்கியமாக இல்லை. அந்த அழுகை ஒரு மகளின் வாழ்க்கைப் போக்கை மாற்றியது என்பதே அவளை நமக்கு மறக்க முடியாதவளாக்குகிறது. சாத்தனாரின் காப்பியம் முழுவதும் அந்த ஒரு மறுப்பிலிருந்து தொடங்குகிறது.

இனித் திரௌபதிக்கு வருகிறேன். செஞ்சிப் பகுதியின் மேலச்சேரி திரௌபதி வழிபாட்டின் மூலத்தலமாகக் கருதப்படுகிறது. அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைடல் 1988இல் வெளியிட்ட திரௌபதி வழிபாடு பற்றிய நூலின் முதல் தொகுதிக்குச் செஞ்சியே மையம். இந்த வட்டாரக் கூத்தில் துகிலுரிதல் வெறும் அவமானக் காட்சியாக நின்றுவிடுவதில்லை. தொல்காப்பியர் சொன்ன இளிவு அங்கே ஒரு சபதமாகிறது. விரித்த கூந்தலை முடிய மாட்டேன் என்ற அந்தச் சொல்லுக்குப் பிறகு நடக்கும் வனவாசம், தூது, பதினெட்டு நாள் போர் எல்லாவற்றுக்கும் அடியில் அவளுடைய கூந்தல் விரிந்தே கிடக்கிறது. படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் உருவம் கிடக்க, அங்கே கூந்தல் முடியப்படுகிறது. துயரத்தைக் காரணமாக்கி, அந்தக் காரணத்தைச் செயலாக்கி, செயல் நிறைவேறியதும் துயரத்தையும் நிறைவு செய்துவிடும் கலை இது. ஊர் கூடிக் கும்பிடும் தெய்வத்துக்கு அந்த நிறைவு வேண்டும். வழிபாட்டின் பயனே அதுதான்.

பைரப்பாவின் நாவல் அந்த நிறைவைத் தருவதில்லை. 1979இல் கன்னடத்தில் வெளிவந்த அந்த நாவலில் வரமும் சாபமும் இல்லை, தெய்வங்கள் இறங்கிவருவதில்லை. குந்தியின் பிள்ளைகள் இமயத்துத் தேவர் என்ற குலத்து மனிதர்களுக்குப் பிறந்தவர்கள். ஒவ்வொருவரும் தம் நினைவுகளினூடே தாம் செய்ததற்குக் காரணம் தேடுகிறார்கள். திரௌபதிக்கு அங்கே சபையில் பட்ட அவமானம் மட்டும் துயரம் அன்று. ஐவருக்கும் மனைவியாக வேண்டி வந்தது, தன்னை வென்றெடுத்த அர்ச்சுனனோடு விழுந்த விலகல், கடைசியில் ஐந்து பிள்ளைகளையும் ஒரே இரவில் இழந்தது என்று அடுக்கடுக்காக வருகிறது. பகை தீர்ந்தாலும் இவற்றில் எதுவும் தீர்வதில்லை. சாபம் என்றால் அதற்கு ஒரு கால அளவும் விமோசனமும் உண்டு. வரத்துக்கு நிபந்தனை உண்டு. மனிதக் காரணத்துக்கு அத்தகைய எல்லை கிடையாது. தெய்வத்தை விலக்கிய நாவலாசிரியர் அந்த இடம் முழுவதையும் மனித மனத்தால் நிரப்ப வேண்டியிருக்கிறது. அந்த மனத்தில் ஒரு துயரம் நிறைவேறிய பிறகும் அடுத்ததைத் தூண்டிக்கொண்டே இருக்கிறது. கூத்தும் நாவலும் ஒன்றுக்கொன்று போட்டி என்று நான் சொல்லவில்லை. துயரம் செயலாகும் விதத்தை இரண்டும் காட்டுகின்றன. கூத்து அதன் முடிவு வரை அழைத்துச் செல்கிறது. முடிவுக்குப் பிறகும் மிஞ்சுவது என்ன என்பது நாவலின் பொறுப்பாகிறது.

இதற்குத் தற்காலத் தமிழ் உரைநடையில் மிகத் தெளிவான சான்று ஜெயகாந்தனிடம் இருக்கிறது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்து, இளமையில் விழுப்புரத்து மாமா வீட்டில் அரசியலும் பாரதியும் அறிமுகமான ஜெயகாந்தன், 1966இல் ஆனந்த விகடனில் ‘அக்கினிப் பிரவேசம்’ என்ற சிறுகதையை எழுதினார். மழையில் பேருந்துக்கு நின்ற கல்லூரி மாணவி ஒருத்தி காரில் ஏற்றிச்சென்றவனிடம் தன்னை இழந்து வீடு திரும்புகிறாள். தாய் முதலில் பதறி அடிக்கிறாள், பிறகு மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று தேற்றி, யாருக்கும் தெரியாமல் அந்த நிகழ்ச்சியை அங்கேயே முடித்துவைக்கிறாள். அந்தத் தாயின் முடிவு அன்றைய வாசகர்களிடையே பெரிய விவாதத்தைக் கிளப்பியது. அந்தத் தாய் அப்படி நடந்துகொள்ளாமல் ஊரறியக் கதறியிருந்தால் அந்தப் பெண் என்னவாகியிருப்பாள் என்ற எதிர்க்கேள்வியிலிருந்து 1970இல் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவல் வந்தது. 1972இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றது.

சிறுகதையையும் நாவலையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் என் வாதம் விளங்கும். சிறுகதையில் தாய் ஊற்றிய தண்ணீரோடு துயரத்தின் வேலை முடிந்துவிடுகிறது, முடிய வேண்டும் என்பதே அந்தக் கதையின் அறமும்கூட. நாவலில் கங்கா என்ற பெயர் பெறும் அந்தப் பெண்ணுக்கு அது முடியவில்லை. அண்ணன் வீட்டை விட்டு வெளியேற்றுகிறான், மாமா படிக்கவைத்து அதற்கு விலையாக அவளையே எதிர்பார்க்கிறார், அவள் படித்து உத்தியோகத்துக்குப் போகிறாள். பல ஆண்டுகள் கழித்து, அன்று தன்னைக் கெடுத்தவனைத் தானே தேடிப்போகிறாள். பழி வாங்கவா, காதலா, மாமாவுக்குத் தரும் பதிலா, தன் வாழ்க்கைக்கு ஒரு பெயர் வேண்டும் என்ற தவிப்பா? நான்குக்கும் நாவலில் ஆதாரம் இருக்கிறது. எந்த ஒன்றையும் மட்டும் எடுத்துக்கொண்டு கங்காவை விளக்கினால் மற்ற மூன்றும் எதிர்த்து நிற்கின்றன. ஆனால் நான்கின் வேரும் ஒன்றுதான். அன்று நடந்ததைவிட அதன் பிறகு வீடு அவளுக்குச் செய்ததே அந்த வேர். இப்படி ஒரே வேரிலிருந்து பல காரணங்கள் கிளைத்து ஒரு செயலில் கூடும்போது அந்தச் செயல் நம்பத்தக்கதாகவும் அதே சமயம் தீராத புதிராகவும் இருக்கிறது. ஜெயகாந்தனுக்கே அது தீரவில்லை. ‘கங்கை எங்கே போகிறாள்’ என்று அவர் மீண்டும் எழுத வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் ஒரு வலுவான மறுப்பு எழும். ஒரு செயலுக்குப் பல காரணங்களை வைத்துவிட்டு, எது என்று சொல்லாமல் விடுவது குற்றவாளியைத் தப்பவிடுவதாகாதா? பெண்ணின் மீதும் ஒடுக்கப்பட்டோர் மீதும் நடக்கும் வன்முறையை எழுதும்போது இந்த நிதானம் யாருக்கு உதவும்? இந்த மறுப்பை நான் மதிக்கிறேன். அதற்குப் பதில் தேட இமையத்தின் ‘செல்லாத பணம்’ நாவலை எடுத்துக்கொள்கிறேன். 2018இல் வெளிவந்து, 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். தலைமையாசிரியர் நடேசனின் மகள் ரேவதி பொறியியல் படித்தவள். பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பத்து ஆட்டோ ஓட்டுநர் ரவியைத்தான் கல்யாணம் செய்துகொள்வேன் என்று நின்று, அப்படியே செய்துகொண்டவள். சில ஆண்டுகளில் உடல் வெந்த நிலையில் புதுச்சேரி ஜிப்மரின் தீக்காயப் பிரிவில் கிடக்கிறாள். விழுப்புரம்–புதுச்சேரி சாலையில் இருக்கும் வளவனூர்க்காரர்களுக்கு ஜிப்மர் என்ற பெயரைக் கேட்டதும் எழும் பயமும் நம்பிக்கையும் தெரியும். நாவலின் பெரும்பகுதி அந்த வார்டுக்கு வெளியே காத்திருக்கும் குடும்பத்தாரின் பேச்சாகவே நகர்கிறது. அவளே கொளுத்திக்கொண்டாளா, அவன் கொளுத்தினானா? இவ்வளவு படித்தவள் அவனிடம் எதைக் கண்டாள்? எல்லோரும் கேட்கிறார்கள். அறுதியான விடையை நாவல் தரவில்லை.

சட்டத்துக்கு இந்தக் கேள்விக்கு விடை வேண்டும். 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, குற்றத்துக்கான நோக்கத்தைக் காட்டும் உண்மைகள் வழக்குக்குத் தொடர்புடையவை என்றது. 32ஆம் பிரிவு இறக்கும் தறுவாயில் இருப்பவரின் வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்றது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்திலும் இரண்டும் தொடர்கின்றன. நீதிமன்றம் ஒருவரைக் குற்றவாளி என்றோ நிரபராதி என்றோ தீர்க்க வேண்டும்; அது அதன் கடமை, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தீர்ப்பு வந்தாலும் நடேசனுக்கு விடை கிடைத்துவிடாது. மகளின் தேர்வு அவருடைய மனத்தை உடைத்தது. அந்த உடைவு அவருக்குள் அழுகையாக நிற்காமல் குடும்பத்துக்கும் மகளுக்கும் நடுவே ஒரு விலகலாக வெளிவந்தது. அவள் அடிபட்டுத் துன்பப்பட்ட காலத்தில் தயக்கமின்றித் திரும்பி வரக்கூடிய வீடாக அது இல்லை. மகள் வெந்து கிடக்கும்போது, எவ்வளவு செலவானாலும் காப்பாற்றிவிட வேண்டும் என்று நினைக்கிறார். கையில் பணம் இருக்கிறது, அதற்கு அங்கே மதிப்பில்லை. தந்தையின் துயரம் விலகலுக்குக் காரணமாகி, விலகல் மகளின் தனிமைக்குக் காரணமாகி, தனிமை அந்த நெருப்பு வரைக்கும் அவளைக் கொண்டுபோகிறது. கொளுத்தியது யார் என்பதை நாவல் திறந்து வைத்திருப்பதால் கணவன் தப்பிவிடவில்லை. அந்தக் கேள்வி மூடப்பட்டிருந்தால் தப்பியிருக்கக்கூடிய மற்ற எல்லோரும்கூட, அன்பு நிறைந்த அந்தக் குடும்பமும் சாதிப் பெருமையும் படிப்புப் பெருமையும்கூட, விசாரணைக்குள் வந்துவிடுகிறார்கள். பொறுப்பைப் பரவலாக்குவதும் பொறுப்பை இல்லாமல் ஆக்குவதும் ஒன்றல்ல. இமையம் முதலாவதைச் செய்திருக்கிறார்.

இரண்டாவது மறுப்பு வாழ்க்கையிலிருந்து வருவது. பெரும்பாலோரின் துயரம் எந்தச் செயலாகவும் ஆவதில்லையே. நம் ஊர்களில் எத்தனையோ பெண்கள் பொறுத்துக்கொண்டு போகிறார்கள். சபதம் செய்யவும் தேடிப்போகவும் அவர்களுக்கு இடம் ஏது? துயரம் செயலாக வேண்டும் என்றால் அவர்களை நாவலிலிருந்து வெளியேற்றிவிடுகிறீர்களா? வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ நாவலில் இதற்கு விடை இருக்கிறது. மணப்பாட்டுக் கடற்கரையில், வல்லமும் லாஞ்சும் மோதிக்கொள்ளும் காலத்தில், பிலோமி சாமிதாஸை நேசிக்கிறாள். அவன் வேறு பெண்ணை மணந்துகொள்கிறான். வில்லன் என்று யாரும் இல்லை. அவள் சபதம் செய்வதில்லை, சாகப்போவதுமில்லை. ஆனால் அந்த இழப்புக்குப் பிறகு அவள் மனிதர்களைப் பார்க்கும் பார்வை மாறுகிறது. தந்தையிடமும் தாயை அறிந்தவரிடமும் அவளுக்கு ஏற்படும் கனிவு முந்தைய பிலோமியிடம் இருந்திருக்க முடியாதது. வெறுக்காமல் இருப்பதென்று ஒருத்தி தேர்ந்துகொள்வதும் செயல்தான். பொறுத்துக்கொள்வது என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்வதற்குள் ஆயிரம் சிறு தேர்வுகள் இருக்கின்றன: யாரிடம் பேசுவது, எந்த வழியாகப் போவது, எந்தப் பெயரைச் சொல்லாமல் இருப்பது, யாருக்கு முதலில் சோறு போடுவது. எழுதுகிறவர் அந்தத் தேர்வுகளைக் கண்டெடுக்கத் தவறினால்தான் பொறுமை என்பது வெறும் குணமாக, சிலை போல நின்றுவிடுகிறது. எளிய மனிதர்களை நாவலிலிருந்து வெளியேற்றுவது என் அளவுகோல் அல்ல. அவர்களை வெறும் துயரப் படமாக்குகிற எழுத்துதான் அவர்களை வெளியேற்றுகிறது.

மூன்றாவது மறுப்பு சுவை பற்றியது. ஆறாத துயரம் என்பது வாசகரை அழவைக்கும் எளிய உத்திதானே, தொலைக்காட்சித் தொடர்கள் அதைத்தானே ஆண்டுக்கணக்கில் செய்கின்றன? வேறுபாட்டைக் காண ஒரு எளிய சோதனை உண்டு. நீண்ட கதையொன்றில் ஒரு துயரக் காட்சியை முழுவதுமாக நீக்கிவிட்டு, அதற்குப் பிறகு வரும் எந்த முடிவாவது நிற்க முடியாமல் போகிறதா என்று பாருங்கள். தொடரில் ஐம்பது அழுகைக் காட்சிகளை எடுத்துவிட்டாலும் அடுத்த வாரம் அப்படியே நடக்கும், ஏனென்றால் அங்கே துயரம் மனிதர்களை மாற்றுவதில்லை. மீண்டும் மீண்டும் அதே இடத்துக்குக் கொண்டுவருகிறது. கோசிகன் கொண்டுவந்த மடலை எடுத்துவிட்டால் மதுரையை அடையும் கோவலன் வேறு ஒருவன். கங்காவின் வீட்டார் அவளுக்குச் செய்ததை எடுத்துவிட்டால் நாவலே இல்லை. நீட்டிக்கப்பட்ட துயரத்துக்கும் நீடிக்கும் துயரத்துக்கும் உள்ள தூரம் இவ்வளவுதான், ஆனால் கலைக்கும் சரக்குக்கும் உள்ள தூரமும் அதுவே.

இந்த வாதத்தை இன்னும் ஒரு படி கொண்டுசென்று முடிக்கிறேன். துயரம் அடுத்த செயலுக்குக் காரணமாகிறது என்று ஏற்றுக்கொண்டால், நாவல் எழுதுவோரின் பொறுப்பு இரு மடங்காகிறது. ஒன்று, காரணங்களை முழுமையாகத் தேடித் தர வேண்டும். மனம் புதிரானது என்று சொல்லிவிட்டு உழைப்பைத் தவிர்க்கும் எழுத்தும் இருக்கிறது. அது மறைத்துவைத்த விடை, கண்டடையப்படாத விடை அல்ல. வாசகர் இரண்டையும் எளிதில் பிரித்தறிவார். இரண்டு, தேடித் தந்த காரணங்களில் ஒன்றைப் பிடித்துத் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. எழுதினால் வாசகர் அந்தத் தீர்ப்பை ஏற்பார் அல்லது மறுப்பார். எப்படியானாலும் அந்த மனிதரை அத்தோடு விட்டுவிடுவார். தீர்ப்பில்லாத முழுமையான காரணங்கள் வாசகரிடம் ஒப்படைக்கப்படும்போது, அவர் அந்தக் கேள்வியைத் தம் வீட்டுக்கு எடுத்துச்செல்கிறார். மகளோடு பேசாமல் இருக்கும் ஒரு தந்தையைத் தம் தெருவில் பார்க்கும்போது நடேசன் நினைவுக்கு வருகிறார், இது கோபம் மட்டும்தானா என்று ஒரு கணம் யோசிக்கிறார். அந்த யோசனை ஒரு தொலைபேசி அழைப்பாகவோ ஒரு கதவைத் திறந்து வைப்பதாகவோ ஆகலாம். கதைமாந்தரின் துயரம் கதைக்குள் அடுத்த செயலுக்குக் காரணமாவதைப் போல, கதைக்கு வெளியே வாசகரின் செயலுக்கும் காரணமாக முடியும். நாவல் சமூகத்துக்கு என்ன செய்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் தரக்கூடிய பதில் இது. இந்த மாவட்டத்தில் இன்று எழுதத் தொடங்கும் இளைஞர்களிடம் நான் வைக்கும் வேண்டுகோளும் இதிலிருந்து பிறப்பதுதான்: உங்கள் மனிதர்கள் எவ்வளவு அழுதார்கள் என்று எழுதுவதோடு நிறுத்திவிடாதீர்கள், அழுது முடித்து எழுந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதை விடாமல் கேட்டு, கிடைத்த விடைகள் அனைத்தையும் எழுதுங்கள்.